காவல் நாயும் சட்டமும்: பிரித்தானியக் காவல் நாய்கள் சட்டம் (1975) – ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வணிக வளாகங்களையும் கிடங்குகளையும் காக்க நாய்களைப் பயன்படுத்துவதை முறைப்படுத்தும் நோக்குடன் பிரித்தானிய நாடாளுமன்றம் 1975ஆம் ஆண்டில் காவல் நாய்கள் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் இரண்டு கூறுகளைக் கொண்டது. முதற்கூறு, பணியிடத்தில் நாயின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகிறது. இரண்டாம் கூறு, நாய் வளர்க்கப்படும் கொட்டிலை உரிமத்தின்கீழ்க் கொண்டுவருகிறது. முதற்கூறு 1976இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் கூறு இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. இப்பிளவினால் சட்டம் நாயிடமிருந்து மனிதரைக் காத்தது. நாயின் பயிற்சியையும் நலனையும் தனக்கு வெளியே விட்டுவிட்டது. பின்வந்த சட்டங்களும் தரநிலைகளும் அவ்விடைவெளியைப் பகுதியளவே நிரப்பின என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: காவல் நாய், கையாளுநர், உரிமம், விலங்கு நலம், அத்துமீறி நுழைதல், பிரித்தானியச் சட்ட வரலாறு.

முன்னுரை

வீட்டையும் மந்தையையும் காக்க நாயை வளர்ப்பது மிகப் பழைய வழக்கம். ஆனால், கூலிக்குக் காவல் வழங்கும் நிறுவனம் ஒன்று ஓரிடத்தில் நாய்களை வளர்த்து, இரவில் அவற்றை வேறோரிடத்திற்கு அனுப்பி, விடியலில் திரும்பப் பெறும் முறை அண்மைக்காலத்தது. இம்முறையில் நாய் காக்கும் இடம் அதன் வீடன்று. அந்த இடத்தின் உரிமையாளர் அதன் எசமானரும் அல்லர். உறவால் அமைந்த காவல் இங்கு ஒப்பந்தத்தால் அமைந்த காவலாக மாறுகிறது.

இம்மாற்றம் இரு கேள்விகளை எழுப்பியது. அந்த நாயால் பிறருக்கு விளையும் ஆபத்துக்கு யார் பொறுப்பு என்பது ஒன்று. அந்த நாய் எவ்வாறு பழக்கப்படுகிறது, எவ்வாறு வாழ்கிறது என்பதற்கு யார் பொறுப்பு என்பது மற்றொன்று. பிரித்தானியச் சட்ட வரலாற்றில் முதற்கேள்விக்கு இரண்டு நூற்றாண்டுக்கால விடைகள் உள்ளன. இரண்டாம் கேள்வி 1975இல்தான் சட்ட வடிவம் பெற்றது. பெற்ற வடிவிலேயே நின்றும் போனது.

1. அறிவிப்புப் பலகையும் விசைத்துப்பாக்கியும்

தன் உடைமையைக் காக்க மூர்க்கமான நாயை வைத்துக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்டு என்பதை இங்கிலாந்தின் பொதுச்சட்டம் நெடுங்காலமாக ஏற்றிருந்தது. 1794ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் தச்சர் ஒருவர் தம் தொழிற்கூட முற்றத்தில் நாயைப் பகலில் கட்டிவைத்து, இரவில் அவிழ்த்துவிட்டிருந்தார். முற்றம் பூட்டப்பட்டபின் உள்ளே சென்ற அவருடைய மேற்பணியாளரையே நாய் கடித்தது. வழக்கை விசாரித்த தலைமை நீதிபதி கென்யன் பிரபு, கடிபட்டவருக்கு இழப்பீடு இல்லை எனத் தீர்த்தார். பகலில் கட்டியிருந்ததே உரிமையாளரின் கவனத்துக்குப் போதிய சான்றாகக் கொள்ளப்பட்டது.

1830இல் வந்த வழக்கு இக்கருத்துக்கு ஒரு வரம்பு வகுத்தது. நாய் உண்டு என எச்சரிக்கும் பலகை அவ்விடத்தில் இருந்தது. எனினும் வழக்கமான பாதையில் சென்று கடிபட்டவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். படிக்கத் தெரியாதவருக்குப் பலகை எச்சரிக்கையாகாது என்பது தலைமை நீதிபதி டிண்டலின் நிலைப்பாடு. 'நாய்கள் ஜாக்கிரதை' என்ற பலகையை வாசலில் தொங்கவிட்டாலே பொறுப்பு நீங்கிவிடும் என்ற எண்ணம் தமிழகத் தெருக்களிலும் காணப்படுவதே. அந்த எண்ணம் இங்கிலாந்தில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது.

இதே காலத்தில் நிலவுடைமையாளர்கள் வேட்டைக்காடுகளிலும் தோட்டங்களிலும் விசைத்துப்பாக்கிகளைப் பொருத்தி வந்தனர். தரையோடு இழுத்துக் கட்டிய கம்பியில் கால் பட்டதும் தானே வெடிக்கும் துப்பாக்கி அது. உள்ளே வருபவர் திருடரா, வழி தவறிய சிறுவரா என்று அது பார்ப்பதில்லை. 1820இல் தீர்க்கப்பட்ட வழக்கில், அறிவிப்பைத் தெரிந்தே நுழைந்தவர் இழப்பீடு கோர முடியாது என நீதிமன்றம் கூறியது. நாடாளுமன்றமோ 1827இல் விசைத்துப்பாக்கிகளையும் மனிதரைப் பிடிக்கும் பொறிகளையும் தடைசெய்தது. இரவில் குடியிருப்பு வீட்டுக்குள் அவற்றை வைப்பதற்கு மட்டும் விலக்களித்தது.

ஆள் இல்லாத இடத்தில், எதிரே நிற்பவர் யார் என்று அறியாமலே தாக்கும் கருவியை உடைமைக் காப்பு என்ற பெயரில் அனுமதிக்க முடியாது என்பதே 1827ஆம் ஆண்டுச் சட்டத்தின் உட்பொருள். பூட்டிய முற்றத்தில் அவிழ்த்துவிடப்பட்ட நாய்க்கு அக்கருத்து அன்று விரிவுபடுத்தப்படவில்லை. அவ்வாறு விரிவுபடுத்த மேலும் 148 ஆண்டுகள் ஆயின.

2. கையாளுநர் மரபின் தோற்றம்

நாயைத் தனியே விடாமல், பழக்கிய மனிதர் ஒருவருடன் இணைத்துப் பணியில் ஈடுபடுத்தும் மரபு பொதுத்துறையில் வளர்ந்தது. 1908இல் வடகிழக்கு ரயில்வேயின் காவல் பிரிவு ஹல் துறைமுகத்தில் ஏர்டேல் இன நாய்களை இரவு ரோந்துக்குப் பயன்படுத்தியது. பிரித்தானியக் காவல் பணியில் நாய்கள் முறையாக இடம்பெற்றதன் தொடக்கமாக இது கருதப்படுகிறது. முதல் உலகப்போரின்போது, 1917இல், எட்வின் ரிச்சர்ட்சன் என்ற படை அலுவலரின் பொறுப்பில் சூபரினஸில் போர்நாய்ப் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது.

இம்மரபில் பயிற்சி என்பது நாய்க்கு மட்டும் உரியதன்று. நாயின் குறிப்பறியக் கையாளுநரும் பழக வேண்டும்; ஆணை கேட்டு நிற்கவும், பிடித்ததை விடவும் நாய் பழக வேண்டும். தாக்கத் தெரிந்த நாயைவிட, தாக்குதலை நிறுத்தத் தெரிந்த நாயே பயிற்சி பெற்ற நாய்.

தனியார் காவலில் இதற்கு நேர்மாறான வழக்கமும் நிலவியது. கிடங்கிலோ கட்டுமான இடத்திலோ இரவில் நாயை அவிழ்த்துவிட்டுப் பூட்டிச் செல்வது செலவு குறைந்த முறை. அதற்குப் பயிற்சி தேவையில்லை. அச்சமோ சினமோ மிகுந்த நாயே போதும். 'காவல் நாய்' என்ற ஒரே சொல் இவ்விரு நிலைகளையும் குறித்து நின்றது. அச்சொல்லுக்குச் சட்டப் பொருள் தர வேண்டிய தேவையும் இதனால் எழுந்தது.

3. காயலாங்கடை வழக்கு

சட்டம் வருவதற்கு முந்தைய நிலையை ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. 1971இன் பிற்பகுதியில், கிழக்கு லண்டனில் பழைய வாகனங்களும் உதிரிப் பாகங்களும் குவிக்கப்பட்ட முற்றம் ஒன்றில் இரவில் ஓர் அல்சேஷன் நாய் அவிழ்த்துவிடப்பட்டிருந்தது. அது பயிற்சி பெறாத நாய். வாயிலில் பெரிய எழுத்தில் எச்சரிக்கைப் பலகை இருந்தது. உள்ளே செல்லும் உரிமையற்ற ஒரு பெண், நாய் இருப்பதை அறிந்தே நுழைந்து, அதனால் கடுமையாகக் காயமுற்றார்.

விசாரணை நீதிமன்றம் அவருடைய பங்குத் தவற்றைக் கழித்துக்கொண்டு இழப்பீடு வழங்கியது. 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தின் 5(3) பிரிவு, உடைமைக் காப்புக்காக விலங்கு வைத்திருப்பது நியாயமற்றதாக இல்லாதவிடத்து, அத்துமீறி நுழைந்தவருக்கு விளைந்த தீங்குக்கு உரிமையாளர் பொறுப்பாகார் என்கிறது. அத்தகைய முற்றத்தில் காவல் நாய் வைத்திருப்பது நியாயமற்றதன்று என நீதிமன்றம் கருதியது.

இத்தீர்ப்பில் டென்னிங் பிரபு, நிகழ்வு நடந்தபோது இல்லாத 1975ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சுட்டினார். கையாளுநர் இன்றி நாயை அவிழ்த்துவிடுவது குற்றமாக்கப்பட்ட பின்னர், 'நியாயமானது எது' என்ற கேள்விக்கு வேறு விடை கிடைக்கக்கூடும் என்பது அவர் கருத்தின் சாரம். ஒரே செயல் 1971இல் நியாயமாகவும் 1976இல் குற்றமாகவும் அமைந்ததற்கு, இடையில் வந்த சட்டமே காரணம்.

4. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் அமைப்பு

எட்டுப் பிரிவுகளே கொண்ட சிறிய சட்டம் இது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றுக்குப் பொருந்தும். வட அயர்லாந்துக்குப் பொருந்தாது. வளாகத்தையோ, அங்குள்ள உடைமையையோ, அவற்றைக் காக்கும் மனிதரையோ பாதுகாக்கப் பயன்படுத்தப்படும் நாய் 'காவல் நாய்' என வரையறுக்கப்பட்டது. இனமோ, உடலளவோ, பயிற்சியோ இவ்வரையறையில் இல்லை; பயன்பாடு ஒன்றே அளவுகோல். வேளாண் நிலமும், குடியிருப்பு வீடும் அதனைச் சார்ந்த சுற்றிடமும் விலக்கப்பட்டன. ஆகவே பண்ணை நாயும் வீட்டு நாயும் இச்சட்டத்தின் எல்லைக்குள் வரா.

முதற்பிரிவு மூன்று கடமைகளை விதித்தது. நாயைக் கட்டுப்படுத்தும் திறனுடைய கையாளுநர் வளாகத்தில் இருக்க வேண்டும். நாய் எந்நேரமும் அவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வளாகத்தில் தன் விருப்பப்படி உலவ முடியாதவாறு நாய் பிணைக்கப்பட்டிருக்கும் நேரம் இதற்கு விலக்கு. காவல் நாய் உண்டு என்ற எச்சரிக்கை ஒவ்வொரு நுழைவாயிலிலும் தெளிவாக வைக்கப்பட வேண்டும். மீறுவோருக்குத் தொடக்கத்தில் 400 பவுன் வரை அபராதம் விதிக்க ஐந்தாம் பிரிவு இடமளித்தது. கடிபட்டவருக்குப் புதிய உரிமையியல் வழக்குரிமை எதையும் இச்சட்டம் தரவில்லை.

1794, 1827 ஆகிய ஆண்டுகளின் நிலைப்பாடுகளோடு ஒப்பிட்டால் இம்மாற்றத்தின் அளவு விளங்கும். பலகை மட்டும் இருந்தால் போதாது, ஆளும் வேண்டும். விசைத்துப்பாக்கிக்கு மறுக்கப்பட்ட தனியுரிமை, தனியே விடப்பட்ட நாய்க்கும் மறுக்கப்பட்டது.

இரண்டு முதல் நான்கு வரையுள்ள பிரிவுகள் வேறொரு திசையில் சென்றன. தொழில்முறையில் நாய்களை வளர்த்து, பிறருடைய இடங்களில் காவலுக்குப் பயன்படுத்துவோரின் கொட்டில், உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். உரிமம் 12 மாதங்களுக்குச் செல்லும். அமைச்சரின் விதிகளில் குறிக்கப்படும் நிபந்தனைகளோடு, உள்ளாட்சி அமைப்பு தனக்குத் தகுந்ததாகத் தோன்றும் நிபந்தனைகளையும் சேர்க்கலாம். உரிமம் மறுக்கப்பட்டவர் நடுவர் மன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். உரிமமற்ற கொட்டிலின் நாய் என்று தெரிந்தோ, ஐயுறக் காரணம் இருந்தோ அதனைப் பணிக்குப் பயன்படுத்துவதும் குற்றம். காவலை விலைக்கு வாங்குபவரையும் நாயின் இருப்பிடத்துக்குப் பொறுப்பாக்கும் ஏற்பாடு இது.

5. சங்கிலி என்னும் விலக்கு

1976 பிப்ரவரி 1ஆம் நாள் முதற்பிரிவும் அதனைச் சார்ந்த பிரிவுகளும் நடைமுறைக்கு வந்தன. விரைவிலேயே முதற்பிரிவின் சொல்லமைப்பு நீதிமன்றத்தின் முன் வந்தது. நாய் பிணைக்கப்பட்டிருந்தால் கையாளுநரின் கட்டுப்பாடு தேவையில்லை என்பது வெளிப்படை. அப்போது கையாளுநர் வளாகத்தில் இருக்க வேண்டுமா என்பதே வினா. அந்த விலக்குத்தொடர், 'இருத்தல்', 'கட்டுப்படுத்தல்' என்னும் இரண்டையும் தழுவுகிறதா, பின்னதை மட்டும் தழுவுகிறதா என்ற இலக்கணச் சிக்கல் சட்டச் சிக்கலாயிற்று.

1978இல் வெளியான தீர்ப்பில் உயர் நீதிமன்ற அமர்வு, விலக்கு இரண்டையும் தழுவும் என முடிவு செய்தது. தண்டனைச் சட்டத்தில் ஐயம் எழுந்தால் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான பொருளைக் கொள்ள வேண்டும் என்ற மரபு இதற்கு அடிப்படை. ஆகவே, நாய் உலவ முடியாதபடி கட்டப்பட்டிருந்தால் வளாகத்தில் ஆள் எவரும் இருக்க வேண்டியதில்லை.

பொதுமக்களின் பாதுகாப்பு நோக்கில் இத்தீர்ப்பில் குறை காண்பது எளிதன்று. கட்டிய நாய் எட்டுந் தூரம் குறைவு. நாயின் நோக்கில் விளைவு வேறு. கையாளுநருக்கு இரவுதோறும் கூலி கொடுக்க வேண்டும். சங்கிலிக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். சட்டத்தை மீறாமல் செலவைக் குறைக்க விரும்புபவருக்கு, ஆளில்லாத இடத்தில் நாயை நீண்டநேரம் கட்டிவைப்பது எளிய வழியாயிற்று. அவ்வாறு கட்டுண்ட நாய் அச்சமும் மூர்க்கமும் மிகுந்து போகக்கூடும். சட்டம் தடுக்க விரும்பிய ஆபத்தையே இவ்வழி வளர்க்கும்.

இந்த விளைவை ஈடுசெய்யச் சட்டத்திலேயே இடம் இருந்தது. இரண்டு முதல் நான்கு வரையுள்ள பிரிவுகள் உயிர்பெற்றிருந்தால், கொட்டிலின் அளவு, உடற்பயிற்சி, ஓய்வு, மருத்துவம், பழக்கும் முறை ஆகியவற்றை உரிம நிபந்தனைகளாக்கும் வாய்ப்பு விதிகள் இயற்றுவோருக்குக் கிடைத்திருக்கும். அப்பிரிவுகள் தொடங்கப்படவில்லை. எனவே அவற்றின்கீழ் எழுதப்பட வேண்டிய விதிகளும் பிறக்கவில்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் ஒரு கூறு, தொடக்க ஆணை இல்லாமலே ஏட்டில் உறங்குகிறது.

6. இடைவெளியை நிரப்ப முயன்றவை

பின்வந்த ஏற்பாடுகளை மூன்று வகைப்படுத்தலாம்.

முதலாவது, கையாளுநரை நோக்கியது. 2001ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டம், ஒப்பந்த அடிப்படையில் காவல் வழங்குவோருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அடையாளம், குற்றப் பின்னணி, பயிற்சி ஆகியவை சரிபார்க்கப்படுகின்றன. உரிமம் மனிதருக்கே, அவர் அழைத்துவரும் நாய்க்கன்று. நிறுவனம் தன் சொந்த ஊழியரையே காவலராக வைத்துக்கொண்டால் அந்த உரிமமும் பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

இரண்டாவது, நாயின் நலனை நோக்கியது. 1911ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், துன்பம் நேர்ந்தபின் தண்டிப்பதாக இருந்தது. 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் துன்பம் நேருமுன்பே கடமையை விதித்தது. பொருத்தமான சூழல், பொருத்தமான உணவு, இயல்பான நடத்தைக்கு வாய்ப்பு, பிற விலங்குகளோடு சேர்த்தோ பிரித்தோ வைத்தல், வலி நோய்களிலிருந்து பாதுகாப்பு என்னும் ஐந்து தேவைகளை 9ஆம் பிரிவு வகுத்தது. இது காவல் நாய்க்கும் பொருந்தும் என்பது பெரிய முன்னேற்றம். எனினும், அத்தேவைகளை மதிப்பிடும்போது விலங்கு வைத்திருக்கப்படும் சட்டபூர்வ நோக்கத்தையும் கருத வேண்டும் என அப்பிரிவே கூறுகிறது. காவல் ஒரு சட்டபூர்வ நோக்கமே. ஆகவே காவல் நாய்க்கு எந்த அளவு போதும் என்பதை ஒவ்வொரு வழக்கிலும் தனித்தே தீர்மானிக்க வேண்டியுள்ளது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இங்கிலாந்துக்கென 2018இல் வந்த உரிம விதிகள் வளர்ப்புப் பிராணி விற்பனை, தங்கல் விடுதி, குதிரை வாடகை, நாய் இனப்பெருக்கம், காட்சிக்கான விலங்குகள் ஆகிய ஐந்து தலைப்புகளைக் கொண்டன. காவல் நாய்க்கொட்டில் தனித் தலைப்பாகச் சேர்க்கப்படவில்லை.

மூன்றாவது, தன்விருப்பத் தரநிலை. 2009இல் பிரித்தானியத் தர நிறுவனம் காவல் நாய்களுக்கென 8517 என்னும் எண்ணுடைய நடைமுறைத் தரநிலையை வெளியிட்டது. 1975இல் விதிகளாக வந்திருக்கக்கூடியவை இங்குப் பரிந்துரைகளாக வந்தன. ஒப்பந்தம் தருபவர் வற்புறுத்தினால் அது கட்டாயம். குறைந்த விலையே போதும் என்றால் அது காகிதம்.

7. இருவகை நாய்கள்

அரசுப் பணியிலுள்ள நாயையும் தனியார் காவல் நாயையும் சட்டம் எவ்வாறு வேறுபடுத்துகிறது என்பதிலும் இந்த இடைவெளி புலப்படுகிறது. 1991ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டம், காவலரோ அரசுப் பணியாளரோ சட்டபூர்வ நோக்கத்துக்காக நாயைப் பயன்படுத்துவதைத் தன் வரையறையிலிருந்து விலக்குகிறது. தனியார் காவல் நாய்க்கு அவ்விலக்கு இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014இல் செய்யப்பட்ட திருத்தம் தனியார் இடங்களுக்கும் குற்றத்தை விரித்தது. அத்துமீறி நுழைந்தவரைப் பொறுத்த விலக்கு குடியிருப்பு வீட்டுக்கு மட்டுமே உரியது, கிடங்குக்கு இல்லை.

2016இல் ஃபின் என்ற காவல்துறை நாய் பணியில் கத்திக்குத்துக்கு உள்ளானதைத் தொடர்ந்து எழுந்த கோரிக்கையால் 2019இல் பணி விலங்குகளுக்கான சட்டம் வந்தது. அவற்றைத் தாக்கியவர் தற்காப்பு என்று கூறித் தப்பும் வாய்ப்பை அது குறைத்தது. காவல்துறை, சிறைத்துறை அலுவலர்களின் கட்டுப்பாட்டிலுள்ள விலங்குகளுக்கே இப்பாதுகாப்பு. கடித்தால் தனியார் காவல் நாய்க்குப் பணி விலக்கு இல்லை. கடமையின்போது தாக்கப்பட்டால் பணி விலங்குக்குரிய சிறப்புப் பாதுகாப்பும் இல்லை.

முடிவுரை

பிரித்தானிய வரலாறு மூன்று செய்திகளைத் தருகிறது. முதலாவது, ஆளின்றி நாயைக் காவலுக்கு விடும் உரிமை 1794இல் இயல்பாகக் கருதப்பட்டு, 1975இல் குற்றமாக்கப்பட்டது. இம்மாற்றத்தின் கரு 1827ஆம் ஆண்டு விசைத்துப்பாக்கித் தடையிலேயே காணப்படுகிறது. இரண்டாவது, பயன்பாட்டை மட்டும் கட்டுப்படுத்தி, வளர்ப்பைக் கட்டுப்படுத்தாத சட்டம் சங்கிலியை மலிவான தீர்வாக்கியது. மூன்றாவது, பயிற்சியும் நலனும் பின்னர் வெவ்வேறு சட்டங்களிலும் தரநிலைகளிலும் சிதறிச் சேர்ந்தன; கொட்டிலின் கதவைத் திறந்து பார்க்கும் கடமை காவல் நாய்க்கென எந்த அலுவலருக்கும் தனியே தரப்படவில்லை.

காவல் நாயைச் சட்டத்திற்குள் கொண்டுவர முனையும் எந்த நாடும், நாய் பணியாற்றும் இரவையும் அது ஓய்வெடுக்கும் பகலையும் ஒரே சட்டத்தில் இணைப்பதோடு, அந்த இரண்டையும் ஒரே நாளில் நடைமுறைக்குக் கொண்டுவரவும் வேண்டும். 1975இல் அவை ஒரே சட்டத்தில் இணைக்கப்பட்டன. 1976இல் நடைமுறைக்கு வந்தது இரவு மட்டுமே.